ஒரு கப் காபி மெஷின்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் கேட்கப்படும் கேள்விகள்

பொத்தானை அழுத்தினால் ஒரே ஒரு கப் காபி போட்டுத் தரும் மெஷின்களைப் பற்றியது இந்தப் பக்கம். பல வருடங்களாக இவற்றோடு புழங்குகிறேன். என் முதல் மெஷின் இரண்டே வருடத்தில் நின்றுபோனது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்த மெல்லிய குழாயை வெள்ளை உப்பு ஏறக்குறைய முழுதாக அடைத்திருந்தது. அதிலிருந்து, மெஷின் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் விசாரிப்பது அவர்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றித்தான். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த மெஷினுக்குள் என்னதான் நடக்கிறது?

தொட்டியிலிருந்து ஒரு சின்ன பம்ப் தண்ணீரை இழுக்கிறது. போகிற வழியிலேயே ஹீட்டர் அதைச் சூடாக்குகிறது. ஒரு கப்புக்கான காபித்தூளை அடைத்து மூடிய சின்ன டப்பிதான் கேப்ஸ்யூல்; அதை ஊசி குத்துகிறது. சுடுநீர் தூளுக்குள் புகுந்து மறுபக்கம் டிகாஷனாக இறங்குகிறது. அவ்வளவுதான். வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை 1,200 முதல் 1,500 வாட் வரை இழுக்கும். ஆனால் ஒரு கப்புக்கு ஒரு நிமிடம் போல ஓடுவதால் மின்செலவு பெரிதாக வராது.

தண்ணீர் போகும் பாதை மிகக் குறுகலானது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அதை நாம் திறந்து தேய்க்க முடியாது. பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்குக் காரணம் இதுதான்.

எத்தனை வகை இருக்கின்றன? பெயர்களைப் பார்த்தாலே குழப்பமாக இருக்கிறது.

பெயர்களை விடுங்கள். தண்ணீர் எப்படித் தூளுக்குள் போகிறது என்று பார்த்தால் நாலைந்து வகைதான்.

முதல் வகை, அதிக அழுத்தத்தில் எஸ்பிரெஸோ போன்ற சின்ன, கெட்டியான காபி தருவது. நெஸ்லே நிறுவனப் பொறியாளர் எரிக் ஃபாவ்ர் இதற்கு 1976-இல் காப்புரிமை பெற்றார். 1986-இல் நெஸ்பிரெஸோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சின்ன அலுமினியக் கேப்ஸ்யூல், அதில் 5 முதல் 6 கிராம் தூள். டோல்சே குஸ்டோ என்ற மெஷினும் அழுத்தத்தில் வேலை செய்வதுதான். ஆனால் அதன் கேப்ஸ்யூல் பெரியது, பால்பொடி நிரப்பிய கேப்ஸ்யூலும் அதில் உண்டு.

இரண்டாவது வகை, பெரிய கப் நிறையச் சற்று இலேசான காபி தருவது. கியூரிக் நிறுவனத்தின் கே-கப் இதில் அடங்கும். 1998-இல் அலுவலகங்களுக்கு வந்து, 2004-இல் வீடுகளுக்கு வந்தது. இதில் பெரிய அழுத்தம் கிடையாது. ஃபில்டர் தாள் வைத்த பிளாஸ்டிக் கப்புக்குள் சுடுநீர் பாய்ந்து வடிகிறது, அவ்வளவே. ஒரு கப்புக்குள் 9 முதல் 12 கிராம் வரை தூள் இருக்கும்.

மூன்றாவது, கேப்ஸ்யூலின் விளிம்பில் அச்சிட்ட பார்கோடைப் படித்து எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று தானே முடிவு செய்வது. நெஸ்பிரெஸோவின் வெர்ச்சுவோ இந்த வகை. 2014-இல் வந்த இந்த மெஷின் கேப்ஸ்யூலை நிமிடத்துக்கு 7,000 சுற்று வரை சுழற்றிக் காபியை வெளியே தள்ளுகிறது. டாசிமோ என்ற மெஷினும் பார்கோடு படிப்பதுதான், ஆனால் சுழற்றாது.

நான்காவது, தேநீர்ப் பை மாதிரி தாளில் பொதிந்த தட்டையான வில்லைகள். 2001-இல் வந்த சென்சியோவும், 44 மில்லிமீட்டர் அகலமும் 7 கிராம் தூளும் கொண்ட ஈ.எஸ்.ஈ. வில்லைகளும் இதில் சேரும். ஈ.எஸ்.ஈ. என்பது பல நிறுவனங்கள் பின்பற்றும் பொது அளவு. எந்த ஒரு கம்பெனியையும் நம்பி இருக்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு.

இவை தவிர, கேப்ஸ்யூலே இல்லாமல் சின்ன வடிகட்டிக் கூடையில் நாமே தூள் போட்டு ஒரு கப் இறக்கும் மெஷின்களும் இருக்கின்றன. விளம்பரம் குறைவு, உபயோகம் அதிகம்.

பெட்டியில் 15 பார், 19 பார் என்று போட்டிருக்கிறதே. எண் பெரிதாக இருந்தால் காபி நன்றாக இருக்குமா?

இல்லை. பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. எஸ்பிரெஸோவுக்குத் தூளின்மேல் விழ வேண்டிய அழுத்தம் சுமார் 9 பார். பெட்டியில் இருக்கும் எண் பம்ப் எட்டக்கூடிய உச்சம். அந்த எண்ணை வைத்து மெஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

எனக்கு எந்த வகை பொருந்தும்?

நீங்கள் இப்போது குடிக்கும் காபியை ஒரு அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பலருக்குத் தாங்கள் குடிப்பது எவ்வளவு என்றே தெரியாது. சின்னக் கேப்ஸ்யூல் மெஷின்கள் தருவது 25, 40, 110 மில்லி. கே-கப் மெஷின்கள் தருவது ஏறக்குறைய 180, 240, 300 மில்லி. இரண்டும் வேறு வேறு உலகம்.

அடுத்து, பால். பால் கலந்து குடிப்பவருக்கு டிகாஷன் குறைவாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். பெரிய கப் மெஷினில் 300 மில்லி இறக்கி அதில் பால் ஊற்றினால் காபி நிறத்தில் சுடுநீர்தான் கிடைக்கும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வடிகட்டும் காபிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஒரு லிட்டருக்கு 55 கிராம் தூள். அப்படியென்றால் 10 கிராம் தூள் உள்ள கப்பிலிருந்து நியாயமாக இறங்கக்கூடியது 180 மில்லி. அதே 10 கிராமில் 300 மில்லி இறக்கினால், கடைசி 100 மில்லி வெறும் கசப்புத் தண்ணீர். ஆகவே பெரிய கப் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: மிகச் சிறிய அளவுப் பொத்தானையே அழுத்துங்கள். இன்னும் வேண்டுமென்றால் இரண்டாவது கேப்ஸ்யூல் போடுங்கள்.

பால் சேர்க்காமல் பெரிய கப்பில் மெல்ல மெல்லக் குடிப்பவர் என்றால் இரண்டாவது வகை அல்லது நாமே தூள் போடும் வகை சரி. கெட்டியாகக் கொஞ்சம் போதும், அல்லது பாலோடுதான் குடிப்பேன் என்றால் முதல் வகை.

தினம் ஆறேழு கப் போடும் வீட்டுக்கு இது சரிப்படுமா?

சரிப்படாது. எல்லோரும் ஒரே நேரத்தில் குடிக்கும் வீட்டில், ஆறாவது கப் இறங்குவதற்குள் முதல் கப் ஆறிவிடும். ஆளுக்கொரு நேரத்தில் எழுந்து ஆளுக்கொரு விதமாகக் குடிக்கும் வீட்டுக்குத்தான் இது.

மெஷின் விலை குறைவாகத்தான் இருக்கிறது. பிறகு என்ன செலவு?

கேப்ஸ்யூல்தான் செலவு. மெஷின் விலையை ஒரு முறை கொடுக்கிறீர்கள், கேப்ஸ்யூல் விலையைத் தினமும் கொடுக்கிறீர்கள். நான் கணக்குப் போடும் விதத்தைச் சொல்கிறேன். கேப்ஸ்யூலில் 5.5 கிராம் தூள் என்று வைத்தால், ஒரு கிலோ தூளுக்குச் சுமார் 180 கேப்ஸ்யூல். ஒரு கேப்ஸ்யூல் விலையை 180-ஆல் பெருக்குங்கள். வருகிற தொகைதான் அந்தக் காபிக்கு நீங்கள் கொடுக்கும் கிலோ விலை. கே-கப் என்றால் 100-ஆல் பெருக்கினால் போதும். அந்தத் தொகையை நல்ல காபித்தூள் கிலோ விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அதற்கு மேலும் வாங்கத் தோன்றினால் தாராளமாக வாங்குங்கள்.

கேப்ஸ்யூலின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அரைத்த காபித்தூளின் எதிரி காற்று. திறந்த பாக்கெட் சில வாரங்களில் மணம் இழந்துவிடும். காற்றுப் புகாமல் அடைத்த அலுமினியக் கேப்ஸ்யூல் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். வாரத்துக்கு மூன்று கப் மட்டும் குடிப்பவருக்கு இது உண்மையான நன்மை.

வேறு கம்பெனி கேப்ஸ்யூலைப் போடலாமா?

மெஷினைப் பொறுத்தது. கே-கப்பின் முக்கியக் காப்புரிமைகள் 2012-இல் முடிந்தன. நெஸ்பிரெஸோவின் பழைய வகைக்கும் ஏறக்குறைய அதே காலத்தில் கதவு திறந்தது. அதனால் இந்த இரண்டுக்கும் பல கம்பெனிகள் கேப்ஸ்யூல் செய்கின்றன. 2014-இல் கியூரிக் தன் அனுமதி பெறாத கப்புகளை ஏற்காத மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தது. வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். நாமே தூள் நிரப்பும் கப்பை மறுபடி கொண்டுவருவதாக மறு வருடமே கம்பெனி இறங்கி வந்தது.

பார்கோடு மெஷின்களில் தேர்வு மிகவும் குறைவு. ஒரே கம்பெனி மட்டும் கேப்ஸ்யூல் செய்கிறது என்றால், அந்தக் கம்பெனி நிறுத்தும் நாளில் உங்கள் மெஷின் வெறும் பெட்டி. வாங்கும் முன்பு குறைந்தது மூன்று தனித்தனிக் கம்பெனிகளின் கேப்ஸ்யூல் உங்களுக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

மலிவான சில கேப்ஸ்யூல்கள் அளவில் ஒரு இம்மி கூடக் குறைய இருக்கும். உள்ளே சிக்கிக்கொண்டால் பலத்தைக் காட்டி நெம்புகோலை இழுக்காதீர்கள். மெஷினை அணைத்து ஆறவிட்டு, மெதுவாகத் திறந்து எடுங்கள். அந்தக் கேப்ஸ்யூலை மறுபடி வாங்காதீர்கள்.

நாமே தூள் நிரப்பித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கேப்ஸ்யூல் நல்லதா?

நல்லது, கொஞ்சம் பொறுமை வேண்டும். நான் அதைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறேன். எஃகில் செய்ததும் உண்டு, பிளாஸ்டிக்கில் வலை வைத்ததும் உண்டு.

தூளின் பருமன்தான் எல்லாம். அழுத்தத்தில் வேலை செய்யும் மெஷினுக்குத் தூள் நைசாக இருக்க வேண்டும். ஆனால் மாவு மாதிரி ஆகிவிட்டால் தண்ணீர் புகாது, பம்ப் முனகும், காபி சொட்டுச் சொட்டாக விழும். கே-கப் வகைக்கு நடுத்தரப் பருமன், மணல் போல இருந்தால் சரி. நைசான தூளைப் போட்டால் வலையைத் தாண்டிக் கப்பின் அடியில் சேறாக நிற்கும்.

விளிம்பு வரை நிரப்பாதீர்கள். ஈரமானதும் தூள் உப்பும், அதற்கு இடம் வேண்டும். விளிம்பில் ஒட்டிய தூளை விரலால் துடைத்துவிட்டு மூடுங்கள். அங்கே ஒரு துளி தூள் இருந்தாலும் ரப்பர் சரியாகப் படியாது, பக்கவாட்டில் தண்ணீர் கசியும். காபி குடித்து முடித்த கையோடு கேப்ஸ்யூலைத் தட்டிக் கழுவுங்கள். காய்ந்த பிறகு வலைக்கண்ணில் ஒட்டிய தூளை எடுக்கப் பல் தேய்க்கும் பிரஷ்தான் தேவைப்படும்.

முதல் வாரம் காபி மோசமாகத்தான் வரும். தூளின் அளவை, பருமனை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

கடையில் மெஷினைப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வெளிப்புற நிறத்தையும் விளக்கையும் பார்க்காமல், திறந்து பாருங்கள். தண்ணீர்த் தொட்டி தனியாகக் கழன்று வருகிறதா? அதன் வாய்க்குள் உங்கள் கை போகுமா? கை போகாத தொட்டியைத் தேய்க்க முடியாது, தேய்க்க முடியாத தொட்டி வழவழப்பாகிவிடும். இந்த ஒரு கேள்விக்கே நான் பல அழகான மெஷின்களைத் தள்ளியிருக்கிறேன்.

கேப்ஸ்யூல் உட்காரும் பகுதி கழன்று வருகிறதா? ஊசிகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா? கப்புக்குக் கீழே சிந்துவதைப் பிடிக்கும் சொட்டுத் தட்டு ஆழமானதா? உங்கள் வழக்கமான கப் அதன் கீழே நிற்குமா? உப்பு நீக்கச் சொல்லும் விளக்கு இருக்கிறதா? தானே அணைந்துவிடுமா? பல மெஷின்கள் 9 நிமிடம் அல்லது அரை மணி நேரத்தில் தானே அணையும், இது அவசியம்.

தொட்டி பெரிதாக இருப்பது வசதி என்று நினைப்போம். ஒருவர் மட்டும் குடிக்கும் வீட்டில் பெரிய தொட்டி என்றால் அதில் நாலு நாள் தண்ணீர் நிற்கும் என்று அர்த்தம். ஒன்றிரண்டு பேருக்கு 600 முதல் 800 மில்லி தொட்டி தாராளம்.

முடிந்தால் ஓடவிட்டுச் சத்தத்தையும் கேளுங்கள். பம்ப் அதிரும் சத்தம் விடியற்காலையில் வீடு முழுக்கக் கேட்கும்.

புது மெஷினில் உடனே காபி போடலாமா?

வேண்டாம். தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, கேப்ஸ்யூல் இல்லாமல் இரண்டு தொட்டித் தண்ணீரை ஓடவிட்டுக் கொட்டுங்கள். பிளாஸ்டிக் வாடை போகும்.

எந்தத் தண்ணீர் ஊற்ற வேண்டும்?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூடானவுடன் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதுவே. உங்கள் பாத்திரத்தில் அந்த வெள்ளை எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பார்த்தால், மெஷினுக்குள் என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்துவிடும். பாத்திரத்தைத் தேய்க்கலாம், மெஷினின் குழாயைத் தேய்க்க முடியாது. அந்தப் படிவு சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாமல் தடுக்கும், வழியை அடைக்கும், பம்பைத் திணற வைக்கும்.

கடினத்தன்மையைச் சோதிக்கச் சின்னத் தாள்பட்டைகள் கிடைக்கின்றன; சில மெஷின்களோடு பெட்டியிலேயே வரும். லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் மென்மையான நீர். 120-ஐத் தாண்டினால் கடினம். 180-க்கு மேல் போனால் மிகக் கடினம், அந்தத் தண்ணீரை நேராக மெஷினில் ஊற்றாதீர்கள். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண் கடினத்தன்மை அல்ல. கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும் எண் அது. படிவது கால்சியமும் மக்னீசியமும்தான்.

அப்படியானால் உப்பே இல்லாத தண்ணீரை ஊற்றினால்? காய்ச்சி வடித்த நீரில் காபி சப்பென்று இருக்கும். தூளிலிருந்து சுவையை இழுக்கத் தண்ணீரில் கொஞ்சம் தாது வேண்டும். காபி ருசி பார்ப்பவர்கள் லிட்டருக்குச் சுமார் 150 மில்லிகிராம் கரைபொருள் உள்ள நீரை நல்ல அளவாகச் சொல்கிறார்கள். தவிர, சில மெஷின்கள் தண்ணீரில் மின்சாரம் கடப்பதை வைத்துத்தான் தொட்டியில் நீர் இருப்பதை உணரும். மிகத் தூய நீரில் அவை ‘தொட்டி காலி’ என்று அடம்பிடிக்கும்.

நான் செய்வது: ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலப்பது. மூன்றுக்கு ஒன்று என்று தொடங்கினேன், சோதனைத் தாளில் 60-க்குப் பக்கம் வரும்வரை மாற்றினேன். உங்கள் தண்ணீருக்கு விகிதம் மாறும்.

உப்புப் படிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

காபி முன்பு போல் சூடாக இல்லை. இறங்க அதிக நேரம் ஆகிறது. அளவு குறைகிறது. பம்ப் சத்தம் கரகரக்கிறது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். விளக்கு எரியும்வரை காத்திருக்காதீர்கள். பல மெஷின்களில் அந்த விளக்கு எத்தனை கப் போட்டீர்கள் என்று எண்ணித்தான் எரிகிறது, உள்ளே எவ்வளவு படிந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அதை நீக்குவது எப்படி?

உத்தரவாதக் காலத்தில் கம்பெனி சொல்லும் திரவத்தையே பயன்படுத்துங்கள், பிறகு சண்டை வராது. அதற்கு அப்புறம் சிட்ரிக் ஆசிட் போதும். எலுமிச்சை உப்பு என்று விற்பதும் இதுதான்.

ஒரு லிட்டர் சாதாரண நீரில் 15 முதல் 20 கிராம் போட்டு, ஒரு துகள்கூட மிச்சமில்லாமல் கரையுங்கள். அதிகம் போட்டால் சீக்கிரம் வேலை முடியும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே அலுமினியப் பாகங்கள் இருக்கலாம், அவை அரிக்கும். கரைசலைக் கொதிக்க வைத்து ஊற்றாதீர்கள். மிகுந்த சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்ற இன்னொரு படிவு உருவாகும், அது எளிதில் கரையாது.

கேப்ஸ்யூலை எடுத்துவிட்டு, தொட்டியில் வடிகட்டி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். கீழே பெரிய பாத்திரம் வையுங்கள். மெஷினில் உப்பு நீக்கும் முறை இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் கரைசலில் கால் பங்கை ஓடவிட்டு, அணைத்து 15 நிமிடம் நிறுத்துங்கள். பிறகு இன்னொரு கால் பங்கு, இன்னொரு இடைவெளி. ஊறும் அந்த நேரத்தில்தான் வேலை நடக்கிறது, அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஓட்டினால் பலன் குறைவு. முடிந்ததும் இரண்டு தொட்டி நல்ல தண்ணீர். கடைசியில் இறங்கும் நீரை நாக்கில் வைத்துப் பார்த்துப் புளிப்பில்லை என்றால் சரி.

வினிகரும் உப்பைக் கரைக்கும். ஆனால் அந்த வாடை அடுத்த பத்து கப் வரை விடாது, ரப்பர் வாஷர்களுக்கும் நல்லதல்ல. நான் இரண்டு முறை செய்து விட்டுவிட்டேன்.

ஒன்றை மட்டும் எப்போதும் செய்யாதீர்கள். ப்ளீச்சை இந்த மெஷினில் ஊற்றக் கூடாது. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைப் பாதிக்கும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை?

மென்மையான நீர் என்றால் ஆறு மாதம். நடுத்தரம் என்றால் மூன்று மாதம். கடினமான நீரையே ஊற்றுவதென்றால் மாதம் ஒருமுறை. கடைசி வகையினர் தண்ணீரை மாற்றிவிடுவது நல்லது.

உப்பு நீக்கிவிட்டேன், ஆனாலும் காபியில் பழைய எண்ணெய் வாடை. ஏன்?

உப்பும் எண்ணெயும் வேறு வேறு அழுக்கு. உப்பு அமிலத்தில் கரையும். காபியின் எண்ணெய் அமிலத்துக்கு அசையாது, அதற்குச் சோப்புத்தன்மை வேண்டும். கேப்ஸ்யூல் உட்காரும் இடத்திலும் காபி வெளிவரும் மூக்கிலும் எண்ணெய் மெல்லிய பழுப்புப் படலமாகப் படிந்து சிக்குப் பிடிக்கும். கழற்றக்கூடிய பாகங்களை வெந்நீரிலும் பாத்திரச் சோப்பிலும் கால் மணி நேரம் ஊறவைத்துத் தேயுங்கள். கழற்ற முடியாத மூக்கை வெந்நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். வாரம் ஒருமுறை செய்தால் ஐந்து நிமிட வேலை.

தினமும் என்ன செய்ய வேண்டும்?

பழைய தண்ணீரைக் கொட்டிப் புதிதாக ஊற்றுங்கள். பயன்படுத்திய கேப்ஸ்யூலை உள்ளேயே விடாதீர்கள். முதல் காபிக்கு முன்பு கேப்ஸ்யூல் இல்லாமல் ஒருமுறை வெந்நீர் ஓடவிட்டால் உள்ளே நின்ற நீரும் போகும், கப்பும் சூடாகும். 40 மில்லி காபி குளிர்ந்த பீங்கான் கப்பில் விழுந்தால் உடனே சூடு இறங்கிவிடும். ‘மெஷின் சூடு போதவில்லை’ என்ற புகார்களில் பல இதனால் வருபவை.

சொட்டுத் தட்டை மறக்காதீர்கள். ஸ்பெயினின் வலென்சியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் பத்து கேப்ஸ்யூல் மெஷின்களின் சொட்டுத் தட்டுகளைச் சோதித்து, அவற்றில் பலவகை பாக்டீரியாக்கள் செழிப்பாக வாழ்வதைக் கண்டார்கள். காஃபீனுக்குக் கிருமிகளைத் தடுக்கும் குணம் உண்டு என்றாலும், அதையும் தாங்கி வளரும் வகைகள் இருந்தன. பயப்பட ஒன்றுமில்லை. அந்த நீர் உங்கள் காபியில் சேர்வதில்லை. ஆனால் அதைத் தொட்ட கையோடு கப்பைத் தொடுவோம். எனவே தினம் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, காய வைத்து மாட்டுங்கள்.

பாலைத் தொட்டியில் ஊற்றி நேராகப் பால் காபி போடலாமா?

கூடவே கூடாது. பால் ஹீட்டரில் தீய்ந்து ஒட்டும், குழாய்க்குள் கெடும். அப்புறம் அந்த மெஷினைக் காப்பாற்ற முடியாது. நுரைக்கும் குழாய் உள்ள மெஷின் என்றால் ஒவ்வொரு முறையும் உடனே வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும். அவ்வளவு ஒழுங்கு நமக்கு வராது என்று தோன்றினால், பாலைத் தனியாகச் சூடாக்கிக் கைநுரைப்பானால் அடிப்பதே நிம்மதி.

பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. போய்விட்டதா?

பெரும்பாலும் போகவில்லை. தொட்டி காலியாக ஓடியதில் குழாயில் காற்று புகுந்திருக்கும். தொட்டியை நிரப்பி, கழற்றி அழுத்தமாக மறுபடி மாட்டுங்கள். கேப்ஸ்யூல் இல்லாமல் வெந்நீர் ஓடவிடுங்கள். வரவில்லையென்றால் நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி. நாலைந்து முயற்சியில் கரகரத்துக்கொண்டே வந்துவிடும்.

பாதிக் கப்தான் இறங்குகிறது. கப்பில் தூளும் விழுகிறது.

ஊசி அடைத்திருக்கிறது. மின்சாரத்தைப் பிடுங்கி, ஆறவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் ஊசியின் துளைகளைக் குத்திவிடுங்கள். கே-கப் வகையில் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டையும் பாருங்கள். ஊசி கூர்மையானது, விரலைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பிறகு வெறும் நீர் இரண்டு முறை.

அடியில் தண்ணீர் தேங்குகிறது.

முதலில் சொட்டுத் தட்டு நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். அடுத்து தொட்டியின் அடி வாஷர். வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். இரண்டும் இல்லையென்றால் கசிவு உள்ளே இருக்கிறது. மின்சாரமும் தண்ணீரும் சேரும் இடம் என்பதால் அதோடு நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒரு மாதம் வீட்டில் இருக்க மாட்டோம். அப்படியே விடலாமா?

தொட்டியையும் தட்டையும் காலி செய்து, கழுவிக் காயவைத்துத் தனியே வையுங்கள். உள்ளிருக்கும் நீரை வெளியேற்றும் முறை கையேட்டில் இருந்தால் அதையும் செய்யுங்கள். உறையும் குளிர் உள்ள இடத்தில் மெஷினை வைக்காதீர்கள், உள்ளே நிற்கும் நீர் பனிக்கட்டியாகிக் குழாயை உடைக்கும்.

கேப்ஸ்யூல் குப்பை மனதை உறுத்துகிறது.

எனக்கும்தான். கே-கப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் சில்வனே, அதைச் செய்ததற்காகச் சில நேரம் வருந்துவதாக 2015-இல் சொன்னார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016-இல், அரசுப் பணத்தில் கேப்ஸ்யூல் காபி வாங்குவதில்லை என்று விதி செய்தது. அலுமினியத்தைத் திரும்பத் திரும்ப உருக்கிப் பயன்படுத்தலாம். ஆனால் உள்ளே ஈரத் தூளோடு பொதுக் குப்பையில் விழும் கேப்ஸ்யூல் பெரும்பாலும் உருக்காலைக்குப் போய்ச் சேராது. கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வெட்டித் திறந்து, தூளை உரக்குழிக்கும் உலோகத்தை உலோகத்தோடும் போடுங்கள். மட்கும் என்று அச்சிட்ட கேப்ஸ்யூல்களில் பல, தொழிற்சாலை உரக்கூடத்தின் சூட்டில்தான் மட்கும், வீட்டுத் தொட்டியில் அப்படியே கிடக்கும். நாமே நிரப்பும் கேப்ஸ்யூலில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஒருவர் பயன்படுத்திய மெஷினை வாங்கலாமா?

வாங்கலாம், எதிரே வைத்து ஓடவிட்டுக் காட்டினால். வெறும் நீரில் மூன்று முறை ஓடவிடச் சொல்லுங்கள். மூன்று முறையும் ஒரே அளவு வருகிறதா, ஆவி பறக்கிறதா, அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியின் மூலைகளை விரலால் தடவி மோந்து பாருங்கள். கடைசியாக எப்போது உப்பு நீக்கினீர்கள் என்று கேளுங்கள். ‘அப்படி ஒன்று செய்ய வேண்டுமா?’ என்று அவர் திருப்பிக் கேட்டால், விலையைக் குறைத்துக் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, காபி போடும் முன்பு இரண்டு முறை உப்பு நீக்கி, அவர் மாட்டியிருந்த பழைய வடிகட்டியைத் தூக்கி எறியுங்கள்.